ஈயச் சன்னத்தை விட்டு எஃகுக்கு மாறும் வேட்டைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷாட்கன் தோட்டாவுக்குள் நிரப்பப்படும் சிறு உருண்டைகளான சன்னங்கள் பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக ஈயத்தில்தான் செய்யப்பட்டு வந்தன. வாத்து போன்ற நீர்ப்பறவைகள் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும்போது சேற்றில் கிடக்கும் இந்தச் சன்னங்களையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. இரைப்பையில் தேய்ந்து கரையும் ஈயம் உடம்பில் ஏறி அவற்றைக் கொல்கிறது. இதை அறிந்தே 2020 பிப்ரவரியில் அந்நாட்டின் ஒன்பது வேட்டை மற்றும் கிராமப்புற அமைப்புகள், உயிருள்ள பறவைகளையும் விலங்குகளையும் சுடுவதற்கு ஈயச் சன்னம் பயன்படுத்துவதை ஐந்து ஆண்டுகளில் கைவிட வேண்டும் என்று தாமாகவே அறிவித்தன. கெடு முடிந்தபோதும், சோதனைக்காகக் கடைகளில் வாங்கப்பட்ட, ஃபெசன்ட் என்னும் வேட்டைப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஈயமே இருந்தது. 2025 ஜூலையில் அரசே சட்டத்தால் தடுக்க முன்வந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று பகுதிகளிலும், 1 சதவீதத்துக்கு மேல் ஈயம் உள்ள சன்னங்களின் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் மூன்று ஆண்டு மாறுதல் காலத்துடன் தடை கொண்டுவரப்போவதாக அப்போது அறிவிக்கப்பட்டது.

மூன்று ஆண்டு இருக்கிறதே என்று ஈயத் தோட்டாக்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குவதுதான் முதல் தவறு. அறிவிக்கப்பட்ட தடை விற்பனையோடு நிற்கவில்லை, பயன்படுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. ஆகவே நாள் கடந்தபின் அந்தச் சேமிப்பைக் களத்தில் சுட முடியாது. அதைவிடப் பெரிய நட்டம், கையிருப்பு தீரும்வரை பழகுவதைத் தள்ளிப்போடுவது. புதிய தோட்டாவோடு துப்பாக்கியும் கையும் ஒத்துப்போக ஒரு பருவமாவது வேண்டும்.

எஃகு மட்டுமே மாற்று அன்று. பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்தவை உண்டு, டங்ஸ்டன் என்ற உலோகம் கலந்தவை உண்டு. ஆனால் விலை காரணமாகப் பெரும்பாலோர் வந்து சேரும் இடம் எஃகுதான். ஈயத்துக்குப் பழகிய எண்ணை அப்படியே எஃகிலும் கேட்டு வாங்குவது இங்கே மிகவும் பரவலான தவறு. சன்னத்தின் பருமனை எண்ணால் குறிப்பது வழக்கம். எண் ஏற ஏறச் சன்னம் சிறுக்கும். பிரிட்டிஷ் கணக்கில் 6-ஆம் எண் ஏறத்தாழ 2.6 மில்லிமீட்டர், 4-ஆம் எண் 3.1 மில்லிமீட்டர். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11.3 கிராம், எஃகுக்கு 7.8 கிராம். அதாவது ஒரே பருமனுள்ள எஃகுச் சன்னம் ஈயச் சன்னத்தின் எடையில் ஏறத்தாழ எழுபது சதவீதமே தேறும். அதனால்தான் அனுபவசாலிகள் ‘இரண்டு எண் கீழே இறங்கு’ என்கிறார்கள்: ஈயத்தில் 6 சுட்டவர் எஃகில் 4 எடுக்க வேண்டும்.

இந்த விதியை மனப்பாடம் செய்தால் போதாது, அதனால் எதை இழக்கிறோம் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 2.6 மில்லிமீட்டர் ஈயச் சன்னம் ஒன்று ஏறத்தாழ 0.10 கிராம், 3.1 மில்லிமீட்டர் எஃகுச் சன்னம் 0.12 கிராம். 28 கிராம் தோட்டாவில் ஈயம் 270 சன்னம் வரை கொள்ளும், எஃகு 230-ஐ ஒட்டியே நிற்கும். எண்ணிக்கை குறைந்தால் பறவை மேல் விழும் சன்னங்களும் குறையும். எடை கூடிவிட்டதே, அது ஈடுகட்டாதா என்று கேட்கலாம். எஃகுச் சன்னத்தின் முகம் அகலமானது, காற்று அதை அதிகமாகத் தடுக்கும். குழலை விட்டு வேகமாகப் புறப்பட்டாலும் போகப் போக ஈயத்தைவிடச் சீக்கிரம் வேகம் இழக்கும். எனவே உயரத்தில் பறக்கும் ஃபெசன்ட்டை 50 கஜத்தில் வீழ்த்திய பழைய பெருமையை எஃகோடு தொடர நினைப்பது, பறவையைக் காயப்படுத்திப் புதருக்குள் அனுப்புவதில்தான் முடியும். 35 கஜத்துக்குள் சுடுவது என்று தனக்குத் தானே எல்லை வைத்துக்கொள்பவருக்கு இந்தக் குறைபாடு பெரிதாகத் தெரியாது. ஈயத்திலும் பலர் அந்த எல்லையைத் தாண்டிச் சுட்டுக் காயப்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது என் எண்ணம். எஃகு அதை மூடி மறைக்க விடுவதில்லை, அவ்வளவுதான்.

பெட்டியை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தவர் இன்னொரு குழியில் விழுவார். அங்கே 4-ஆம் எண் என்பது 3.3 மில்லிமீட்டர், பிரிட்டனின் 3-ஆம் எண்ணுக்கு நிகர். ஆகவே எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் படிப்பதே நல்லது.

அடுத்தது துப்பாக்கி. குழலைக் கழற்றி, தோட்டா அறைக்குக் கீழே தட்டையான பகுதியில் பொறித்திருக்கும் முத்திரைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் எஃகுத் தோட்டா வாங்குவது அடிப்படைப் பிழை. லண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனை நிலையங்கள் ஒவ்வொரு குழலையும் அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து இந்த முத்திரைகளைப் பொறிக்கின்றன. எஃகுத் தோட்டாக்கள் இரண்டு வகைப்படும். ‘ஸ்டாண்டர்ட் ஸ்டீல்’ என்பதில் அழுத்தம், வேகம், சன்னத்தின் பருமன் மூன்றுக்கும் வரம்பு உண்டு. 12 போர் என்னும் குழல் அளவில் அழுத்த வரம்பு 740 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), அதாவது வழக்கமான ஈயத் தோட்டாவுக்கு உள்ளதே. புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்ட, நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான துப்பாக்கிகளில் இதைச் சுடலாம். ‘ஹை பெர்ஃபார்மன்ஸ் ஸ்டீல்’ வேறு இனம். அதன் வரம்பு 1050 பார், அதற்கெனத் தனியாகச் சோதிக்கப்பட்டு லில்லிப்பூ முத்திரை பெற்ற துப்பாக்கியில் மட்டுமே அதைப் போட வேண்டும். பெட்டியின் மேல் படம் ஒன்றுபோல இருக்கும், கடைக்காரரும் அவசரத்தில் இருப்பார். ஆகவே எந்த வகை என்பதை வாங்குபவரே படித்துப் பார்க்க வேண்டும்.

தோட்டாவின் நீளத்தில் நடக்கும் பிழை இன்னும் நுட்பமானது. பெட்டியில் 76 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது, சுட்ட பிறகு நுனி மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடுவதற்கு முன் மடிப்போடு இருக்கும் அதே தோட்டா 70 மில்லிமீட்டர் அறைக்குள் தடையில்லாமல் நுழைந்து, துப்பாக்கியும் ‘க்ளக்’ என்று மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகிய பகுதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். உள்ளே போகிறதே, அப்படியானால் பொருந்துகிறது என்ற முடிவு இங்கே செல்லாது.

குழலின் நுனியில் உள்ள குறுக்கத்தை ‘சோக்’ என்பார்கள்; கால், அரை என்பவை அது எவ்வளவு இறுக்கம் என்பதைச் சொல்பவை. ஈயம் மென்மையானது, குறுக்கத்தில் நசுங்கி வழிவிடும், எஃகு நசுங்காது. இறுகிய சோக் வழியே எஃகைத் தொடர்ந்து சுட்டால் அந்த இடத்தில் மோதிரம்போல மெல்லிய புடைப்பு ஏற்படலாம். குழல் வெடித்துவிடும் என்று பேசுவது பெரும்பாலும் மிகை, ஆனால் விலையுயர்ந்த பழைய துப்பாக்கிக்குப் புடைப்பே போதுமான கேடு. அரை சோக், அதைவிடத் திறந்தது என்பதுதான் பொதுவான அறிவுரை. இறுக்கினால் தூரம் கிடைக்கும் என்ற பழைய நம்பிக்கையும் எஃகில் எடுபடாது; நசுங்காத சன்னங்கள் சிதறாமல் கூட்டமாகப் போவதால் கால் சோக்கே ஈயத்தின் அரை சோக் அளவுக்கு நெருக்கமாகச் சுடும். டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி ஒட்டிச் செய்த குழல், கொண்ட பாட்டன் காலத்துத் துப்பாக்கிக்கு எஃகே வேண்டாம். முத்திரையும் நிலையும் சரியாக இருந்தால் பிஸ்மத் பொருந்தும். விலை பல மடங்கு என்பதையும் அடர்த்தி ஈயத்தைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் ஏற்றுக்கொண்டு, பருமனில் ஓர் எண் கீழே இறங்கினால் போதும்.

இவ்வளவு சொல்லியும் பலர் தவறவிடுவது தாளில் சுட்டுப் பார்ப்பதை. பெரிய தாள் ஒன்றை நட்டு, தான் வழக்கமாகச் சுடும் தூரத்திலிருந்து ஒரு முறை சுட்டு, துளைகள் அடர்ந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து, துளைகளைப் பேனாவால் குறித்துக்கொண்டே எண்ண வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் வட்டத்துக்குள் ஒரு பறவை நுழைந்து தப்பும் அளவுக்கு வெற்றிடம் தெரிந்தால், அந்தத் தோட்டாவும் அந்தச் சோக்கும் அந்தத் தூரத்துக்கு உதவாது என்பதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சோதிக்காமலே எஃகைப் பழிப்பதும் தவறுதான். டெக்சாஸ் மாநில வனவிலங்குத் துறை புறா வேட்டையில் ஒரு சோதனை நடத்தியது. சுடுபவருக்கும் கூட நின்று குறிப்பெடுத்தவருக்கும் தோட்டாவில் இருப்பது ஈயமா எஃகா என்று தெரியாது. வீழ்ந்த பறவைகளின் விகிதத்திலும் காயப்பட்டவற்றின் விகிதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. டென்மார்க்கில் 1990-களிலிருந்தே ஈயச் சன்னம் கிடையாது. அங்கே வேட்டை நின்றுவிடவும் இல்லை.

வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர்கள், ஈயத்துக்கான அளவுக் குறிப்பில் ஈயத்தை மட்டும் நீக்கி அதே எடை எஃகைப் போடுவது மிகவும் ஆபத்தானது. எஃகு அதிக இடத்தை அடைக்கும், நசுங்காது, குழலை உராயாமல் காக்க, சன்னங்களைத் தாங்கும் தடித்த தக்கைக் கிண்ணமும் அதற்கென வேண்டும்; வெடிமருந்தும் வேறு. எஃகுக்கென்று வெளியிடப்பட்ட குறிப்பை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற முடியாதவர் கடைத் தோட்டாவையே வாங்கட்டும். செம்பு முலாம் பூசிய ஈயத்தை ‘ஈயமற்றது’ என்று எண்ணி வாங்குவோரும் உண்டு. முலாமுக்குள் இருப்பது ஈயமே, 1 சதவீத வரம்பு அதை விடாது.

களத்தில் இறங்கியபின் நினைவில் கொள்ள வேண்டியது தெறிப்பு. பாறை, உறைந்த தரை, நீர்ப்பரப்பு, மரத்தண்டு எதில் பட்டாலும் எஃகு ஈயத்தைவிட அதிகமாகத் தெறித்துத் திரும்பும். தாழப் பறக்கும் பறவையை விட்டுவிடுவதும், கண்ணாடி அணிவதும், நாய்களும் ஆட்களும் நிற்கும் திசையை இருமுறை பார்ப்பதும் அவசியம்.

தடை இனிமேல்தான் வரும் என்று நினைப்பவர்கள், ஏற்கெனவே உள்ள சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 1999 முதலே வாத்துகளை ஈயத்தால் சுடுவது எங்கு வைத்தும் குற்றம், அறுவடை முடிந்த வயலானாலும் சரி. ஸ்காட்லாந்தில் பார்க்கப்படுவது பறவை அன்று, இடம். ஈரநிலத்தின் மேல் எதைச் சுட்டாலும் ஈயம் கூடாது. ஃபெசன்ட்டுக்காக ஈயத் தோட்டாவோடு போனவர் நடுவில் குளத்தை ஒட்டிய இடத்துக்கு நகர்கிறார், வாத்து எழும்புகிறது, கை பழக்கத்தில் சுட்டுவிடுகிறது. இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த வாத்துகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் 70 சதவீதம் ஈயத்தால் சுடப்பட்டவை என்று கண்டதில் இப்படிப்பட்ட கைகளுக்கும் பங்கு இருந்திருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி 15 முதல் ஈரநிலத்திலும் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈயச் சன்னத்தைச் சுடக் கூடாது, ஈரநில வேட்டைக்குப் போகும்போது எடுத்துச் செல்லவும் கூடாது. 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தைத் தடை செய்துள்ள அமெரிக்காவிலும், வாத்து வேட்டையில் ஈயத் தோட்டாவை வைத்திருப்பதே குற்றம். எனவே வேட்டைச் சட்டையின் ஒவ்வொரு பையையும், தோட்டாப் பட்டியையும், வண்டியின் பின்புறத்தையும் தடவிப் பார்த்து, ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் போன பருவத்துத் தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எடுத்ததைக் குப்பையில் போடவோ மண்ணில் புதைக்கவோ கூடாது. பதிவு பெற்ற துப்பாக்கி வணிகரிடம் ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம்.