சாமந்தி ஓங்காமல், நினைத்த நேரத்தில் பூக்க ஒரு அட்டைப்பெட்டி

வீட்டுக்குள் விளக்கொளியில் சாமந்தி வளர்க்கிறீர்களா? செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, தினமும் மாலை 6 மணிக்கு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, மறுநாள் காலை 7 மணிக்கு எடுங்கள். மொட்டில் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடலாம்.

நுனி போனதும் கீழ்க்கணுக்களிலிருந்து பக்கக்கிளைகள் வெடிக்கும். செடி ஓங்காமல் புதராகும். பூப்பதோ இரவின் நீளத்தைப் பொறுத்தது. விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் இலையாகவே தள்ளிக்கொண்டிருக்கும். 13 மணி நேரம் இடைவிடாத இருட்டு கிடைத்தால் மொட்டு வைக்கும். 'இடைவிடாத' என்பதுதான் முக்கியம். நடுராத்திரியில் பெட்டியைத் தூக்கி, 'மொட்டு வந்துவிட்டதா' என்று லைட் போட்டுப் பார்த்தால் கணக்கு கெட்டுவிடும். (ஆசை யாரை விட்டது!) பெட்டியின் கைப்பிடி ஓட்டையையும் டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள்.

அப்புறம், மூட ஆரம்பித்த பிறகும் தண்டு சில வாரம் நீளும். அதனால் வேண்டிய உயரம் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தொடங்குங்கள். வகையைப் பொறுத்து, பெரும்பாலும் 7 முதல் 10 வாரத்தில் பூத்துவிடும்.

தக்காளி, மிளகாய், ரோஜாவுக்கு இந்தப் பெட்டி வேலை செய்யாது. அவை இரவின் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை அல்ல. சாமந்தியிலும் பெட்டிக்குள் சூடு ஏறினால் மொட்டு தாமதமாகும். மொட்டு வந்த பிறகு நுனியைக் கிள்ளினால், கையோடு வருவது பூதான்.