கோல்ஃப் ஸ்கோர் எண்ணுவது எப்படி?

சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் திடல் இருப்பது திருகோணமலைக்காரர் பலருக்குத் தெரியும். ஆனால் ஆடுபவர் வெல்கிறாரா, தோற்கிறாரா என்பது வெளியில் நின்று பார்த்தால் விளங்காது. கிரிக்கெட் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். இங்கே பந்தை அடித்த எண்ணிக்கை குறைந்தவருக்குத்தான் வெற்றி.

1. 'பார்' எத்தனை என்று பாருங்கள்

ஒவ்வொரு குழிக்கும் 'பார்' என்று ஓர் எண் உண்டு. பெரும்பாலும் 3, 4 அல்லது 5. கைதேர்ந்தவர் அந்தக் குழியை இத்தனை அடியில் முடிப்பார் என்ற கணக்கு அது. கடைசியில் பந்தை உருட்டிவிடும் 2 அடியும் அதற்குள் அடக்கம். ஆக, பார் 4 என்றால் இரண்டே அடியில் பந்து கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைக்கு, வந்துவிட வேண்டும்.

2. அடிகளை எண்ணுங்கள்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். அடிக்க ஓங்கி, மட்டை பந்தில் படாமல் போனாலும் அது ஓர் அடி! ஒத்திகைக்குச் சும்மா வீசிப் பார்த்தால் கணக்கில்லை. பந்து குளத்துக்குள் போய், வேறு பந்து வைத்து ஆடினால் தண்டம் 1 அடி. எல்லைக்கு வெளியே போனால் இன்னும் மோசம்: தண்டமும் உண்டு, பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்கவும் வேண்டும். முதல் அடியே வெளியே போனால், அடுத்து அடிப்பது மூன்றாவது அடி.

3. பாரோடு ஒப்பிடுங்கள்

பாரைவிட 1 குறைந்தால் பேர்டி, 2 குறைந்தால் ஈகிள். 1 கூடினால் போகி, 2 கூடினால் டபுள் போகி. பழகும் காலத்தில் போகி கிடைத்தாலே சந்தோஷப்படலாம்.

சரி, ஒரு கணக்கு. பார் 4 குழியில் 5 அடி, பார் 3 குழியில் 3 அடி, பார் 5 குழியில் 4 அடி. போகி, பார், பேர்டி; மொத்தம் 12. மூன்று குழிகளின் பாரும் 12தான். அதனால் நீங்கள் 'ஈவன் பார்'.

4. அட்டையில் எழுதுங்கள்

போட்டியில் உங்கள் எண்களை உங்களோடு ஆடுபவர் எழுதுவார். கையெழுத்துப் போடுமுன் சரிபாருங்கள். ஒரு குழிக்குக் குறைத்து எழுதியிருந்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

5. ஹேண்டிகேப்பைக் கழியுங்கள்

ஆட்டக்காரரின் திறமையைப் பொறுத்துக் கிடைக்கும் சலுகை இது. 18 குழிகளில் மாமா 95 அடி, மருமகன் 85 அடி என்று வையுங்கள். மாமாவின் ஹேண்டிகேப் 26, மருமகனுக்கு 12. கழித்தால் மாமா 69, மருமகன் 73. கோப்பை மாமாவுக்கு!