பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோவில் மாற்றிய பாகத்தைக் கண்டுபிடிக்க

கல்லடிப் பக்கம் கடற்காற்றுப் படும் வீட்டில் பல வருடம் இருந்த ரேடியோ என்றால், உள்ளே ஈயமெல்லாம் ஒரே மாதிரி மங்கிப்போயிருக்கும். பின்மூடியைக் கழற்றியதும் முதலில் அதை வடிவாகப் பாருங்கள். ஓரிரு இணைப்பு மட்டும் பளபளத்து, சுற்றிவரப் பழுப்புப் பிசின் படிந்திருந்தால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது ட்ரான்சிஸ்டர். 1960களின் பல செட்டுகளில் இருப்பவை ஓசி71, ஓசி72 போன்ற ஜெர்மானியம் என்ற பொருளால் செய்த பழைய வகை. அவற்றுக்கு நடுவே கறுப்புப் பிளாஸ்டிக்கில் பிசி557 நின்றால், அது பிற்காலத்தில் மாற்றிப் போட்ட சிலிக்கன் வகை. எழுத்து அழிந்திருக்கிறதா? பற்றரியைக் கழற்றி, மல்டிமீட்டரை டயோடு அளவில் வைத்து ட்ரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸ், எமிட்டர் என்ற இரண்டையும் தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 வோல்ட் அளவில் காட்டினால் ஜெர்மானியம், 0.6, 0.7 என்றால் சிலிக்கன். பலகையில் இருக்கும்போது அளவு ஏமாற்றலாம். சந்தேகம் என்றால் பேஸ் காலை மட்டும் கழற்றி அளந்து பாருங்கள்.

ஸ்பீக்கரை ஓட்டும் ட்ரான்சிஸ்டர் பெரும்பாலும் ஜோடியாக வரும். பெரியப்பாவின் செட்டில் அதில் ஒன்று மட்டும் வேறு வகை. செய்தி வாசிக்கும் குரல் கரகரத்தபடியே இருந்தது. இரண்டையும் ஒரே வகையாகப் போட்ட பிறகுதான் தெளிந்தது.

எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரை (மின்னைச் சேமிக்கும், பிளஸ், மைனஸ் கால் உள்ள பாகம்) மாற்றியிருந்தால் நல்லதுதான், பழையவை காய்ந்துபோகும். ஆனால் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிஎன்பி என்ற வகை ட்ரான்சிஸ்டர் (ஓசி71 அந்த வகைதான்) உள்ள பழைய செட்டுகள் பலவற்றில் பற்றரியின் பிளஸ்தான் பொது இணைப்பு. மைனஸையே பொது இணைப்பாக வைத்துப் பழகிய கை அங்கேதான் தவறும்.