உங்கள் வீட்டு வைஃபைக்கு நான் வைத்த பாஸ்வேர்ட்

மும்பை தாராவியில் 90 அடி சாலையைச் சுற்றியுள்ள சந்துகளில் கேபிள் இழுத்து இன்டர்நெட் கொடுப்பது என் வேலை. பதினாலு வருஷம் ஓடிவிட்டது. ஃபைபரை உள்ளே கொண்டுவந்து, ரவுட்டர் பெட்டியைச் சுவரில் மாட்டி, பச்சை விளக்கு எரிந்ததும் கேட்பேன்: "பாஸ்வேர்ட் என்னக்கா வைக்க?" "நீயே எதாச்சும் வச்சிரு தம்பி" என்பார்கள். அவர்கள் செல் நம்பரையே வைத்துவிடுவேன். அவர்களுக்கும் மறக்காது, மறந்துபோச்சு என்று ராத்திரி பத்து மணிக்கு எனக்கும் போன் வராது. இப்படி எத்தனை வீட்டில் வைத்தேன் என்று கணக்கே இல்லை. அந்த வீடுகளில் உங்கள் வீடும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

செல் நம்பரில் என்ன கெடுதல்? உங்கள் போன் ரவுட்டரோடு சேரும்போது இரண்டும் நாலு தடவை செய்தி மாற்றிக்கொள்ளும். பாஸ்வேர்ட் அதில் நேராகப் போகாது. ஆனால் ஒருவன் யூகிக்கிற பாஸ்வேர்ட் சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க அது போதும். சந்தில் நின்று அந்த நாலு செய்தியைப் பிடித்தவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யூகிக்கலாம். உங்கள் ரவுட்டருக்கு ஒன்றும் தெரியாது. நம் ஊர் செல் நம்பர் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மிஞ்சிப்போனால் 400 கோடி. கேம் விளையாடுகிற பையன்கள் வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 5 லட்சம் நம்பரைப் போட்டுப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8,000 நொடி. ஒரு சினிமா பார்க்கிற நேரம். 2021ல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஊரைச் சுற்றி 5,000 வைஃபைகளின் தகவலைச் சேகரித்து, பத்துக்கு ஏழு வீதம் உடைத்துக் காட்டினார். அங்கேயும் நிறையப் பேர் வைத்திருந்தது செல் நம்பர்தான்.

இட்லி வியாபாரம் பண்ணுகிற அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எங்க வீட்ல களவாங்க என்னல இருக்கு? கிரைண்டரையா தூக்கிட்டுப் போவான்?" என்றார். நெட்டைத்தான் தூக்குவான். 2008ல் அகமதாபாத் குண்டுவெடிப்பு சமயத்தில் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரரின் இணைப்பு வழியாகப் போயிருந்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பூட்டாத வைஃபை. போலீஸ் முதலில் தட்டியது அவர் கதவைத்தான். இதைக் கேட்டபிறகுதான் அக்கா போனை என் கையில் கொடுத்தார்.

சரி, செய்ய வேண்டியது. ஒரு எச்சரிக்கை முதலில்: பெட்டிக்குப் பின்னால் ஊசி நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கும். வீடியோ பார்த்துவிட்டு அதைக் குத்தி ரீசெட் பண்ணாதீர்கள். இணைப்புக்காக நாங்கள் போட்டுவைத்த யூசர் நேம், செட்டிங் எல்லாம் அழிந்து நெட் செத்துப்போகும். அப்புறம் எங்களில் ஒருவன் வந்து போட்டால்தான் உண்டு, ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டான்.

வைஃபையில் இருந்தபடியே பிரௌசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். வரவில்லையென்றால் 192.168.0.1. இரண்டும் இல்லையென்றால் பெட்டியின் அடியில் ஒட்டிய லேபிளில் பாருங்கள். உள்ளே நுழைய ஒரு யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும். இது வைஃபை பாஸ்வேர்ட் அல்ல, பெட்டியின் சாவி. பல பெட்டிகளில் இன்னும் அட்மின், அட்மின் என்றே கிடக்கிறது. நானும் அப்படியே விட்டுவிட்டு வந்தவன்தான். முதலில் மாற்ற வேண்டியது இதை. 2016ல் மிராய் என்றொரு வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கிற அறுபது சொச்சம் யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிப் பிடித்தவற்றை ஏவிவிட்டதில் அந்த அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் படுத்தன. சில ஆபரேட்டர்கள் இந்தப் பக்கத்தையே பூட்டி வைத்திருப்பார்கள். அப்படியென்றால் லைன்மேனைக் கூப்பிட்டு உங்கள் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். முனகுவான், ஆனால் செய்வான்.

அடுத்து வைஃபை பாஸ்வேர்ட். ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலைந்து தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, நடுவில் எங்காவது ஒரு எண். இட்லி அக்காவுக்குக் கருவாடு, ஜன்னல், மூக்குத்தி, தகரம் என்று ஒரு மாதிரி சொன்னேன். அவர் வேறு நாலு சொல் வைத்துக்கொண்டார், எனக்கே சொல்லவில்லை. அதுதான் சரி. குலசாமி பேர், பிள்ளை பேர், பிறந்த வருஷம் வேண்டாம். சந்து முழுக்க அது தெரியும்.

அதே பக்கத்தில் செக்யூரிட்டி என்ற இடத்தில் வைஃபைக்கு எந்தப் பூட்டு என்று இருக்கும். அது டபிள்யூபிஏ2 (WPA2), ஏஇஎஸ் (AES) என்று இருக்கட்டும். டபிள்யூபிஏ3 இருந்தால் இரண்டும் கலந்த மோடைப் போடுங்கள், பழைய போனும் சேரும். வெப் (WEP) என்ற பழைய பூட்டு மட்டுமே இருக்கிற ரவுட்டர் எதையாவது கண்டால் அதைக் காயலான்கடைக்குப் போட்டுவிடுங்கள். அந்தப் பூட்டை உடைக்கலாம் என்பது 2001லேயே ஊர் அறிந்தது.

டபிள்யூபிஎஸ் (WPS) என்று ஒன்று இருக்கும். பொத்தானை அமுக்கினால் பாஸ்வேர்ட் இல்லாமல் சேர்கிற வசதி. அதோடு எட்டு இலக்க பின் நம்பர் ஒன்றும் வரும். எட்டு இலக்கம் என்றால் பத்து கோடி என்று நினைப்போம். ஆனால் ரவுட்டர் முதல் நாலு சரியா, அடுத்தது சரியா என்று தனித்தனியாகப் பதில் சொல்லிவிடும். கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஆகவே 10,000, அப்புறம் 1,000. மொத்தம் 11,000 தடவை முயன்றால் முடிந்தது. 2011 கடைசியில் இது வெளியே வந்தது. அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்தே பெட்டியை மாற்றவிடுகிற ரிமோட் மேனேஜ்மென்ட், கருவிகள் தாமாகவே வெளியே வழி திறந்துகொள்ள விடுகிற யூபிஎன்பி (UPnP) இரண்டையும் கூட. கேம் விளையாடுகிற பையன் யூபிஎன்பி வேண்டும் என்று சண்டை போடுவான், அது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து.

வைஃபை பேரை மறைத்து வைப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. யாராவது சேரும்போது பேர் காற்றில் தெரிந்துவிடும். இதற்கு என்னிடம் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், மன்னிக்கவும்.

கேமராதான் எனக்கு அதிகக் கவலை. அக்கா விடிகாலையில் மகனோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் இரண்டு பிள்ளைகள் மட்டும். அவர்களைப் பார்க்க ஒரு மலிவுக் கேமரா வாங்கியிருந்தார். பிள்ளைகள் படுக்கிற இடத்தை அது நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது, பாஸ்வேர்ட் ஒன்றிலிருந்து ஆறு வரை. கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பினோம். பாஸ்வேர்டை மாற்றி, ஆப்பில் அப்டேட் பார்த்தோம். பிறகு ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்று விருந்தாளிகளுக்கான தனி வைஃபை ஒன்றைத் திறந்து கேமராவையும் டிவியையும் அதில் தள்ளினோம். வங்கி ஆப் இருக்கிற போன் மட்டும் பழைய வரிசையில். நாளைக்கு எவனாவது கேமராவுக்குள் வந்தாலும் போன் இருக்கிற பக்கம் எளிதில் எட்டிப்பார்க்க முடியாது.

பாஸ்வேர்டை மாற்றினால் எல்லாக் கருவியும் துண்டித்துக்கொள்ளும், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அக்கா வீட்டில் நாங்கள் டிவியைச் சேர்த்துக்கொண்டிருந்தபோதே பக்கத்து ரூம் பையன் எட்டிப்பார்த்தான்.

"அண்ணே, நம்ம நெட் ஏன் நின்னு போச்சு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கெஸ்ட் நெட்வொர்க்கை இன்னொரு தடவை திறந்து, அதன் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.