வாளையார் சாலையில் இடப்பெயர்ச்சி: குறியில் நேரும் தவறுகள்

கோவையிலிருந்து பாலக்காடு போகும் சாலை, கணவாய் வழியாகப் போவதால் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதது. அதை ஒரு நேர்கோடாகவே வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் வாளையார் ஊரைச் சுழி (0) என்று கொள்வோம். பாலக்காட்டுப் பக்கம் நேர்க்குறி. கணக்குக்காகப் பாலக்காடு +25 கி.மீ., கோவை −25 கி.மீ.

கோவையில் பஸ் ஏறி வாளையாரில் இறங்குகிறவரின் இடப்பெயர்ச்சி (கிளம்பிய இடத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு இடம் மாறினார் என்பது) என்ன? பயணம் முழுக்க மைனஸ் பக்கத்தில்தானே நடந்தது என்று −25 எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். நான் பார்த்தவரை மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். சேர்ந்த இடத்திலிருந்து கிளம்பிய இடத்தைக் கழிக்க வேண்டும்: 0 − (−25) = +25. பாலக்காட்டிலிருந்து வாளையார் வருகிறவருக்கு 0 − 25 = −25; அவர் மைனஸ் பக்கம் கால்கூட வைக்கவில்லை. நிற்கும் இடத்தின் குறி வேறு, இடம் மாறியதன் குறி வேறு. சந்தேகம் இருந்தால் சுழியைக் கோவைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். வாளையார் இப்போது +25 ஆகிவிடும். ஆனால் கோவை–வாளையார் இடப்பெயர்ச்சி அதே +25தான். நேர்க்குறித் திசையைத் திருப்பினால் மட்டுமே குறி மாறும். அதனால்தான் திசையை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும், பாதிக் கணக்கில் மாற்றவே கூடாது.

திரும்பி வந்தாலே மைனஸ் என்பதும் தவறு. வாளையாரிலிருந்து பாலக்காடு போய், திரும்பும் வழியில் கஞ்சிக்கோட்டில் இறங்கினால்? கஞ்சிக்கோடு +12 என்று கொண்டால், திரும்பிய பகுதிக்கு மட்டும் −13. மொத்த இடப்பெயர்ச்சி +12. கடந்த தொலைவு 38 கி.மீ. அப்புறம், மைனஸ் என்பது சிறியது என்றும் பொருள் இல்லை. அளவில் −13 இங்கே +12-ஐவிடப் பெரியது.

காலையில் பாலக்காட்டிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிறவருக்கு இடப்பெயர்ச்சி சுழி. நகரவே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, 100 கி.மீ. போயிருக்கிறார். ஓட்ட நேரம் 4 மணி என்றால் சராசரி வேகம் (தொலைவு ÷ நேரம்) மணிக்கு 25 கி.மீ., சராசரி திசைவேகம் (இடப்பெயர்ச்சி ÷ நேரம்) சுழி. இரண்டையும் ஒன்றாக எழுதினால் விடை முழுவதும் போச்சு.

இதெல்லாம் நேர்கோட்டுக்குத்தான் சரி. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு திசை மாறும், வெறும் பிளஸ் மைனஸ் போதாது. கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேராக ஓர் அம்புக்குறி வரைந்து, அதன் நீளத்தையும் திசையையும் சொல்ல வேண்டும். அந்த நீளம் கடந்த தொலைவைவிட அதிகமாக வந்தால், கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.