வீட்டுப் பொருள்களை வைத்தே திண்ம வடிவங்களை அடையாளம் காண்பது எப்படி?

லூடோ கட்டையைச் சதுரம் என்றும், பால்மாவு டின்னை வட்டம் என்றும் சொல்லும் பிள்ளைகள் நம் மொரிசியஸ் வீடுகளில் நிறையப் பேர். குறை பிள்ளைகளிடம் இல்லை. கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய பொருளைத் தாளில் வரைந்து காட்டினோம். தாளில் தெரிந்ததை அவர்கள் சொன்னார்கள். அதனால் ரோஸ் ஹில் பக்கம் வார இறுதியில் கணக்குச் சொல்லித் தரும்போது, படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் பயிற்சியை நான் முதலில் தருவதே இல்லை. பொருள் கைக்கு வர வேண்டும், அதைப் பற்றிக் கேள்வி எழ வேண்டும். பெயர் அதற்குப் பிறகு வந்தால் போதும். பிள்ளைக்கு வீட்டில் சொல்லித் தர நினைக்கும் பெற்றோர் இந்த வரிசையிலேயே போகலாம்.

கடைக்குப் போய் எதுவும் வாங்க வேண்டாம். லூடோ கட்டை, டோமினோ வில்லை, தீப்பெட்டி, பால்மாவு டின், சீவாத அறுகோணப் பென்சில், கோலிக்குண்டு, சில பத்து ரூபாய் நாணயங்கள், சோப்புக் கட்டி, பழைய தாள், கத்தரிக்கோல், சுண்ணக்கட்டி. இவ்வளவும் வீட்டிலேயே கிடைக்கும்.

படி 1: கண்ணை மூடித் தடவுதல்

பொருள்களை ஒரு துணிப்பையில் போடுங்கள். பிள்ளை கையை உள்ளே விட்டு ஒன்றைப் பிடித்து, வெளியே எடுக்காமலே அதைப் பற்றிச் சொல்லட்டும். தட்டையாக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா? விரலில் கோடு போல உறுத்துகிறதா? கூராகக் குத்துகிறதா?

தட்டையாக இருந்தது முகம். இரண்டு முகங்கள் சேரும் கோடு விளிம்பு. விளிம்புகள் கூடும் புள்ளி முனை. இந்த மூன்று சொற்களும் விரலில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவசரப்படாதீர்கள், ஒரு மாலைப் பொழுது முழுக்க இதற்கே போனாலும் நல்லதுதான்.

படி 2: உருட்டிப் பார்த்து இரண்டாகப் பிரித்தல்

ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். கோலிக்குண்டு எப்படி வைத்தாலும் உருளும். டின் படுக்க வைத்தால் உருளும், நிற்க வைத்தால் நிற்கும். தீப்பெட்டி வழுக்கினாலும் வழுக்குமே தவிர உருளாது. பென்சில் உருள்கிறதே என்று பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். அதன் பக்கங்களைத் தடவச் சொல்லுங்கள். ஆறும் தட்டை. அது முகத்திலிருந்து முகத்துக்குப் புரண்டு புரண்டு போகிறது. ஆகவே உருட்டுவதை மட்டும் நம்பக் கூடாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது விரல்தான்.

எல்லா முகமும் தட்டையாக உள்ளவை ஒரு பக்கம். அவற்றுக்குப் பன்முகிகள் என்று பெயர். எங்காவது வளைவு இருந்தால் மறுபக்கம்.

படி 3: பட்டகமா, பிரமிடா?

பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் இங்கே நின்று நிதானமாகப் போவோம். சோப்புக் கட்டியைத் தீப்பெட்டி போலக் கனச்செவ்வகமாகச் செதுக்கி, குறுக்கே துண்டு துண்டாக வெட்டுங்கள். முதல் துண்டும் கடைசித் துண்டும் ஒரே அளவு, ஒரே உருவம். இப்படி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை குறுக்குவெட்டு மாறாமல் போகும் பன்முகி, பட்டகம். குறுக்குவெட்டு சிறுத்துக்கொண்டே போய் ஒரே புள்ளியில் முடிந்தால் அது பிரமிடு.

பட்டகத்தின் பெயர் அதன் அடிமுகத்திலிருந்து வருகிறது. அடிமுகம் என்பது மேசையில் படும் முகம் அல்ல. ஒன்றுக்கொன்று எதிரே இருக்கும் ஒரே மாதிரியான இரண்டு முகங்கள். டோப்லரோன் சாக்லேட் பெட்டி கடைத்தட்டில் செவ்வக முகத்தின் மேல்தான் படுத்திருக்கும். ஆனாலும் அது முக்கோணப் பட்டகம், ஏனென்றால் மாறாமல் நீளும் குறுக்குவெட்டு முக்கோணம். பென்சில் அறுகோணப் பட்டகம். நம் ஊர்ச் சமோசாவைத் தட்டையாக, மொறுமொறுவென்று மடிக்கும்போது அதுவும் உயரம் குறைந்த முக்கோணப் பட்டகத்துக்கு மிக அருகில் வரும்.

டோமினோ வில்லையின் முகங்கள் எல்லாம் செவ்வகம், அது கனச்செவ்வகம். லூடோ கட்டையின் முகங்கள் எல்லாம் சதுரம், அது கனசதுரம். மூலை மழுங்கிய கட்டையாக இருந்தால் அந்த மழுங்கலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். "கனசதுரம் ஒரு கனச்செவ்வகமா?" என்று கேளுங்கள். ஆம், சதுரமும் செவ்வகமே. ஆகவே கனசதுரமும் கனச்செவ்வகமே, இரண்டும் பட்டகங்களே. ஒரு பொருள் ஒரே நேரத்தில் மூன்று பெயருக்கும் உரியதாக இருக்கலாம் என்பதைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும்.

இனி பத்து ரூபாய் நாணயங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஏழு மூலைகளும் நேருக்கு நேர் வர வேண்டும். அடுக்கு உயர உயர எழுகோணப் பட்டகம் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். பிள்ளை பெரியவன் என்றால் நாணயத்தின் ஓரத்தில் உள்ள ஏழு பக்கங்களில் ஒன்றின் மேல் அளவுகோலை வைத்து, அது முழுக்கப் பொருந்துகிறதா, நடுவில் சற்றுப் புடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புடைத்தால் அது கறாரான பட்டகம் ஆகாது என்று அவனே சொல்லிவிடுவான்.

பிரமிடுக்கு உதாரணம் தேடி எகிப்து வரை போக வேண்டியதில்லை. பிளேன் மாஞ்யேன் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் எரிமலைக் கற்களை அடுக்கிக் கட்டிய ஏழு மேடுகளை எல்லாரும் பிரமிடு என்றே சொல்கிறார்கள். உற்றுப் பாருங்கள். பக்கங்கள் சரிவாக இல்லை, படிப்படியாக ஏறுகின்றன. மேலே கூர்முனையும் இல்லை, தட்டையாக முடிகிறது. வடிவியலில் பிரமிடு என்றால் பக்க முகங்கள் முக்கோணங்களாக இருந்து ஒரே முனையில் கூட வேண்டும். ஊர் வழக்கில் பிரமிடு, கணக்கில் படிகள் கொண்ட மேடு. இந்த வேறுபாட்டைப் பிள்ளையே கண்டு சொல்லும்போது எனக்கு வரும் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

படி 4: எண்ணிச் சரிபார்த்தல்

எண்ணும்போது ஒரே விளிம்பை இரண்டு முறை எண்ணிவிடுவது வழக்கம். எண்ணிய விளிம்பின் மேல் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டே போனால் அந்தக் குழப்பம் இல்லை. தீப்பெட்டியில் முகங்கள் 6, முனைகள் 8, விளிம்புகள் 12. முக்கோணப் பட்டகத்தில் 5, 6, 9. சதுரப் பிரமிடில் 5, 5, 8. பென்சிலில் 8, 12, 18.

முகங்களையும் முனைகளையும் கூட்டி விளிம்புகளைக் கழியுங்கள். ஒவ்வொன்றிலும் 2 வரும். 18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர் கண்ட உறவு இது. ஓட்டையில்லாத பன்முகி எதற்கும் பொருந்தும். விடை 2 வரவில்லை என்றால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது, மறுபடி எண்ணுங்கள். திருத்த ஆசிரியர் தேவையில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

படி 5: வளைந்தவை

கோளத்தில் விளிம்பும் இல்லை, முனையும் இல்லை. அவ்வளவுதான்.

உருளைக்குப் பால்மாவு டின். அதைச் சுற்றிய காகிதத்தைச் செங்குத்தாக ஒரே வெட்டில் வெட்டிப் பிரியுங்கள், செவ்வகம் கிடைக்கும். ஒரு பக்கம் டின்னின் உயரம், மறுபக்கம் வட்டத்தின் சுற்றளவு. பிள்ளை பின்னால் படிக்கப்போகும் வளைபரப்புச் சூத்திரம் முழுவதும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

கூம்புக்குக் கடலைப் பொட்டலத்தைவிட நல்ல பாடம் கிடையாது. தெருவில் வாங்கிய பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு, வாய்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தை வட்டமாக நறுக்குங்கள். பிறகு ஓரத்திலிருந்து கூர்முனை வரை நேர்கோட்டில் வெட்டி, மேற்சுற்றாக இருக்கும் காகிதத்தை நீக்கிவிட்டு விரித்துப் பாருங்கள். வட்டத்தின் ஒரு துண்டு, அதாவது வட்டக்கோணப் பகுதி கிடைக்கும். முக்கோணம் வரும் என்று எதிர்பார்த்த பிள்ளை அந்த வளைந்த ஓரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும். பார்க்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உருளைக்கு முகங்கள் மூன்று, விளிம்புகள் இரண்டு என்று சில நூல்கள் எழுதும். வேறு சில, வளைபரப்பை முகமாகவே எண்ணாது. தேர்வுக்குப் பிள்ளையின் பள்ளிப் புத்தகம் சொல்வதைப் பின்பற்றுங்கள். ஆய்லரின் கணக்கை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள்: 3 கூட்டல் 0 கழித்தல் 2 என்றால் 1தான் வரும். அது பன்முகிகளுக்கான கணக்கு.

படி 6: வெளியே போய்ப் பார்த்தல்

பெரிய பொருள்கள் பெரும்பாலும் கலப்பு வடிவங்கள். லா ப்ரெனஸில் பிரிட்டிஷார் 1830களில் கடலோரக் காவலுக்காகக் கட்டிய மார்ட்டெல்லோ கோபுரத்தைப் பார்த்தவுடன் உருளை என்று தோன்றும். சுவரின் சரிவைக் கவனித்தால் கீழே அகன்று மேலே குறுகுவது தெரியும். அது கூம்பின் இடைக்கண்டம், அதாவது கூர்முனைப் பக்கத்தை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் அடிப்பகுதி. கோவில் கோபுரத்தின் உடல் பிரமிடின் இடைக்கண்டம். மேலே வண்டிக்கூண்டு போல வளைந்த கூரை (சாலை வடிவம் என்பார்கள்) இருந்தால் அது படுத்த அரை உருளை. நடுவில் ஓட்டையுள்ள உளுந்து வடை இந்த வகைகள் எதிலும் சேராது, அதைச் சாப்பிட்டுவிடலாம்.

கடைசியாக, கறுப்பு வெள்ளைத் துண்டுகள் தைத்த பழைய மாதிரிக் கால்பந்து ஒன்று கிடைத்தால் எடுத்து வாருங்கள். அதில் ஐங்கோணத் துண்டுகள் 12, அறுகோணத் துண்டுகள் 20. ஆக முகங்கள் 32. விளிம்புகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். ஐங்கோணங்களின் பக்கங்கள் 60, அறுகோணங்களின் பக்கங்கள் 120, மொத்தம் 180. ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கங்கள் சேர்வதால் விளிம்புகள் 90. ஒவ்வொரு முனையிலும் மூன்று துண்டுகள் கூடுவதால் முனைகள் 60. 32ஐயும் 60ஐயும் கூட்டி 90ஐக் கழிக்கப் பிள்ளையிடமே விடுங்கள். விடை வந்த பிறகு கேளுங்கள்: காற்றடித்ததும் துண்டுகள் எல்லாம் புடைத்து நிற்கும் இந்தப் பந்தை எந்தப் பக்கம் வைப்பாய், பன்முகியிலா, கோளத்திலா?