பொருண்மை அழியா விதியை வீட்டுத் தராசில் பார்ப்பது எப்படி?

வேதிவினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை (பொருண்மை) மாறாது. பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த விதிதான். தராசில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

வேண்டியவை: 1 லிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில், மூடி, 100 மி.லி. வினிகர், 4 கிராம் ஆப்ப சோடா, டிஷ்யூ பேப்பர், 0.1 கிராம் வரை காட்டும் தராசு. உள்ளே அழுத்தம் ஏறும் என்பதால் கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது. சோடாவின் அளவையும் கூட்டாதீர்கள்.

படி 1: பாட்டிலில் வினிகரை ஊற்றுங்கள். சோடாவை டிஷ்யூவில் இரண்டு சுற்றுச் சுற்றி, விரல் பருமனுக்குப் பொட்டலமாக முறுக்குங்கள்.

படி 2: பாட்டில், மூடி, பொட்டலம் மூன்றையும் ஒன்றாகத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியை மறந்தால் கணக்கே கெட்டது.

படி 3: பொட்டலத்தை உள்ளே போட்டவுடன் மூடியை இறுக்குங்கள். டிஷ்யூ நனையச் சில நொடிகள் ஆகும். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். நுரைத்து அடங்கியதும் மறுபடி எடை போடுங்கள். அதே எண் நிற்கும்.

படி 4: முகத்துக்கு நேரே பிடிக்காமல் மூடியை மெல்லத் திறந்து, 'உஸ்' சத்தம் நின்றதும் மூடியோடு சேர்த்து எடை போடுங்கள். சுமார் ஒன்றரை கிராம் குறைந்திருக்கும். வெளியேறிய வாயுவின் நிறை அது.

கணக்கும் ஒத்துவரும். 84 கிராம் சோடா, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் 60 கிராமோடு வினைபுரிந்தால் 82 கிராம் சோடியம் அசிட்டேட், 18 கிராம் நீர், 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. இரண்டு பக்கமும் 144. நம் 4 கிராமுக்கு வாயு 2.1 கிராம், அதில் கொஞ்சம் பாட்டிலிலேயே தங்கிவிடும்.

பாட்டில் வாயில் பலூன் மாட்டிச் செய்யும் முறையும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உப்பிய பலூன் தன் பருமனுக்குக் காற்றை விலக்குகிறது. 1 லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிராம். அந்த மிதப்பு விசையால் எதுவும் கசியாமலேயே தராசு ஒரு கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டும். விதி பொய் என்று குழந்தை நினைத்துவிடும். பாட்டில் அவ்வளவாக உப்பாது, அதனால் இந்தத் தொல்லை இல்லை.

1774-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வெள்ளீயத்தை மூடிய கண்ணாடிக் கலத்தில் சூடாக்கியபோதும் எடை மாறவில்லை. திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்து எடை கூடியது. நம் பாட்டிலில் நடப்பது அதற்கு நேர் எதிர்.